கொழுந்தின் காப்பும் கொய்வோர் உணவும்

தேநீர் அருந்துவோர் நோயின்றி நெடிது வாழ்வர் என்னும் செய்தி இன்று உலகின் பல மொழிகளிலும் பரப்பப்படுகிறது. தேயிலைப் பொட்டலங்களின் மேலும் மருத்துவப் பத்திகளிலும் ‘ஒட்சியேற்றவெதிரி’ என்னும் சொல் தவறாது இடம்பெறுகிறது. உடலின் உயிரணுக்களைச் சிதைவினின்று காக்கும் பொருள்கள் தேயிலைக் கொழுந்தில் நிறைந்துள்ளன என்பதே அவ்விளம்பரங்களின் சாரம். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், அக்கொழுந்தை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொய்துவரும் மக்களின் உடல் எந்நிலையில் இருக்கிறது என்னும் வினாவை விளம்பரம் எழுப்புவதில்லை. சரித்திரம் அதனை எழுப்பியே ஆகவேண்டும்.

நுவரெலியா, தலவாக்கலை, அட்டன், மஸ்கெலியா என விரியும் எமது மலைநாட்டில் இரண்டு சரித்திரங்கள் அருகருகே நடந்து வந்துள்ளன. ஒன்று இலையின் சரித்திரம். மற்றொன்று அவ்விலையைப் பறிப்போர் உண்ட உணவின் சரித்திரம். முதலாவதைப் பற்றி நூல்கள் பல உள. இரண்டாவது பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றிக் காப்புச் சத்துக்களைப் பற்றிய விஞ்ஞானம் எமக்கு எதனைக் கற்பிக்கிறது என்பது விளங்காது.

முதலில் விஞ்ஞானத்தை நோக்குவோம். நறுக்கி வைத்த வாழைக்காய் சிறிது நேரத்தில் கறுத்துவிடுவதை நாம் எல்லோரும் அறிவோம். காற்றிலுள்ள ஒட்சிசன் காயின் சாற்றோடு சேர்வதால் நிகழும் மாற்றம் அது. அதன்மேல் தேசிக்காய்ச் சாற்றைத் தடவினால் கறுப்பது தாமதமாகிறது. இரும்பு துருப்பிடிப்பதும் எண்ணெய் சிக்குநாற்றம் கொள்வதும் இவ்வினத்தைச் சேர்ந்த மாற்றங்களே. நாம் உண்ணும் உணவு உடலுள் எரிந்து ஆற்றலாகும்போதும் ஒட்சிசனின் துணை வேண்டும். அவ்வேளையில் ‘சுயாதீன மூலிகங்கள்’ எனப்படும் அமைதியற்ற மூலக்கூறுகள் சில தோன்றுகின்றன. அவை அளவு மீறினால் உயிரணுக்களைத் தாக்கும். அவற்றை அடக்கும் நொதியங்கள் உடலிலேயே உண்டு. அவற்றுக்குத் துணையாக நிற்பவை உணவின் வழி வரும் விற்றமின் சி, விற்றமின் ஈ, கரட்டுக்கு நிறமளிக்கும் கரோட்டின், கனிகளிலும் இலைகளிலும் காணப்படும் பொலிபீனோல்கள் முதலியன. இவையே ஒட்சியேற்றவெதிரிகள்.

இவ்வறிவு படிப்படியாக வளர்ந்தது. ஹங்கேரி நாட்டு அறிஞர் அல்பேர்ட் சென்ற்-ஜியோர்ஜி, வெட்டுண்ட செடிகள் கறுப்பதற்கும் சில சாறுகள் அதனைத் தாமதப்படுத்துவதற்கும் காரணம் தேடினார். அத்தேட்டத்தின் வழியே 1928-இல் அவர் பிரித்தெடுத்த பொருள்தான் விற்றமின் சி எனப் பின்னர் தெளிவாயிற்று. 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானில் மிச்சியோ சுஜிமுரா என்னும் பெண் விஞ்ஞானி, பச்சைத் தேயிலையில் விற்றமின் சி இருப்பதை 1924-இலும், கட்டெச்சின் என்னும் பொலிபீனோல் இருப்பதை 1929-இலும் வெளிப்படுத்தினார். 1956-இல் அமெரிக்க அறிஞர் டென்ஹம் ஹார்மன், உடல் மூப்படைவதற்குச் சுயாதீன மூலிகங்களே காரணம் என்னும் கொள்கையை வெளியிட்டார். அக்கொள்கை முழுமையாக நிறுவப்படவில்லை எனினும், ஒட்சியேற்றவெதிரி என்னும் சொல்லை ஆய்வுகூடத்தினின்று சந்தைக்குக் கொண்டுவந்த பெருமை அதற்கே உரியது.

கட்டெச்சின் என்னும் பெயரின் வேர் எம் மக்களுக்கு அந்நியமானதன்று. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டிக்கு ஐரோப்பியர் இட்ட பெயரினின்றே அச்சொல் பிறந்தது. நாவில் துவர்ப்பாக உணரப்படும் அப்பொருள் தேயிலையிலும் உண்டு. தளிர்க் கொழுந்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை பொலிபீனோல்களே. பூச்சிகளினின்றும் கடும் வெயிலினின்றும் தன் இளந்தளிரைக் காத்துக்கொள்ளச் செடி அவற்றை ஆக்கிக்கொள்கிறது. முற்றிய இலையினும் தளிரிலேயே அவை மிகுதி. ஆகவேதான் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொய்யவேண்டும் என்னும் விதி சுவைக்கும் பொருந்துகிறது, சத்துக்கும் பொருந்துகிறது. மழையிலும் பனியிலும் சரிவுகளில் நின்று அத்தளிரைத் தெரிந்து கிள்ளுபவை பெண்களின் விரல்கள்.

கொழுந்து ஸ்டோருக்குச் சென்றபின் நிகழ்வது மேலும் கவனிக்கத்தக்கது. அங்கே அது வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நசுங்கிய நிலையில் காற்றோடு விடப்படுகிறது. நறுக்கிய வாழைக்காய் கறுப்பது போலவே இலையும் செப்பு நிறம் பெறுகிறது. கட்டெச்சின்களின் பெரும்பகுதி தியாபிளேவின், தியாரூபிஜின் என்னும் வேறு பொலிபீனோல்களாக மாறுகிறது. தேநீரின் செந்நிறமும் உறைப்பும் இவற்றால் வருவனவே. பின்னர் சூட்டினால் அம்மாற்றம் நிறுத்தப்பட்டு, இலை சலித்துத் தரம் பிரிக்கப்படுகிறது. இப்புதிய பொருள்களுக்கும் ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. ஆனால் பச்சைத் தளிரில் இருந்த விற்றமின் சி இம்முறையில் ஏறக்குறைய முற்றாக அழிந்துபோகிறது. இவ்வொரு செய்தியை வாசகர் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம். பின்னர் அதன் பொருள் விளங்கும்.

இனி மக்களின் உணவைப் பற்றிய சரித்திரத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கென்று திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் வாடிய ஏழை மக்கள் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, வனங்களின் ஊடே கால்நடையாக மாத்தளையை நோக்கி நடந்தோரில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் ஆயிரமாயிரவர். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் கோப்பி இலையில் துருநோய் தோன்றிப் பின்வந்த ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கோப்பிக்குப் பருவகால வேலை. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து. ஆகவே வந்தோர் குடும்பமாக லயங்களிலேயே தங்க நேர்ந்தது.

தமிழகத்துச் சிற்றூரில் அவர்கள் வறியராயினும், கேழ்வரகு, கம்பு, கொள்ளு, பயறு, வரப்போரத்துக் கீரை, வேலிமேல் படர்ந்த காய் என்று உணவு பலவகைப்பட்டதாய் இருந்தது. பஞ்ச காலத்தில் அதுவும் இல்லாது போயிற்று என்பது உண்மையே. நாம் பழங்காலத்தைப் பொன்னுலகமாக்க விரும்பவில்லை. ஆனால் தோட்டத்துக்கு வந்தபின், எதை உண்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. தோட்ட நிருவாகம் அரிசி வழங்கியது. அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. பெரிய கங்காணிக்குப் பட்ட கடனும் அவ்வாறே கழிந்தது. எஞ்சிய சில்லறைக்குக் கடையில் மிளகாயும் உப்பும் கருவாடும் வாங்கலாம். அரிசி வயிற்றை நிரப்பிற்று. கீரைக்கும் கனிக்கும் பாலுக்கும் அக்கணக்கில் இடமில்லை.

1927-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழிசெய்தது. ஆயினும் அக்கூலி, தொழிலாளியின் உடல் அடுத்த நாளும் பெரட்டுக் களத்துக்கு வரவேண்டும் என்னும் அளவுக்கே கணிக்கப்பட்டது எனலாம். கோ. நடேசய்யர் 1931-இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிக் கங்காணிமாரின் கடன்பிடியை எதிர்த்தார். 1940 ஜனவரி 10-ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அங்கே தொழிலாளர் கேட்டது நாளொன்றுக்கு 16 சதம் கூலி உயர்வு. அக்காலத்து ஏழை வீட்டில் பதினாறு சதம் என்பது பருப்பாகவும் காயாகவும் மாறக்கூடிய காசு என்பதை எண்ணிப்பார்த்தால், தொழிற்சங்க வரலாறு உணவு வரலாறேயாகும் என்பது புலனாகும்.

இரண்டாம் உலகப்போரில் 1942-இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. போர் ஓய்ந்த பின்னும் மா ஓயவில்லை. லயத்து அடுப்பில் ரொட்டி நிலைபெற்றது. அதற்குக் காரணம் நாக்கின் விருப்பம் மட்டுமன்று. பொழுது புலருமுன் எழுந்து, தண்ணீர் சுமந்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பெரட்டுக்குச் செல்லும் பெண்ணுக்குச் சோறும் கறியும் ஆக்க நேரமில்லை. மாவைப் பிசைந்து தட்டிச் சுட்டால் வேலை முடிந்தது. ரொட்டியைத் துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோகலாம், நின்றபடியே உண்ணலாம், பசியை நெடுநேரம் தாங்கும். அதற்குத் துணை உறைப்பான சம்பல். விழுங்குவதற்குத் துணை தேத்தண்ணி.

அத்தேத்தண்ணியும் தொன்றுதொட்டு வந்த பழக்கமன்று. முதலில் வந்தோர் தேநீர் அருந்தும் மக்கள் அல்லர். நீராகாரமும் கூழும் குடித்தோர். ஏற்றுமதிக்கென்றே தேயிலை விளைந்தது. 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் விலை சரிந்தபோது, குடிப்போர் தொகையைப் பெருக்கும் பிரசாரம் தீவிரமாயிற்று. 1932-இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை அமைந்தது. தோட்டத்து மக்களுக்கோ பிரசாரம் வேண்டியிருக்கவில்லை. குளிருக்கும் பசிக்கும் கைக்கெட்டிய மருந்தாக அவர்கள் அதனைக் கொண்டனர். நல்ல தரங்கள் கொழும்பு ஏலத்துக்குச் செல்ல, தூளும் மட்டமும் லயத்துக் கேத்தலை அடைந்தன. பால் கிடைப்பது அருமை. ஆகவே சாயம் மிகுந்த வெறுந்தேத்தண்ணியே வழக்கமாயிற்று.

இங்கே ஒரு பொது எண்ணத்தைத் திருத்தவேண்டியுள்ளது. ‘நல்லதெல்லாம் கப்பலேறிற்று, சத்தற்ற தூளே எமக்கு எஞ்சியது’ என்று மேடைகளில் சொல்வதுண்டு. நீதியின் பார்வையில் அது பொருந்தும். விஞ்ஞானத்தின் பார்வையில் பொருந்தாது. பொடியான தூளினின்று சாயமும் பொலிபீனோலும் வெகு விரைவில் இறங்கும். தொழிலாளியின் கேத்தலில் ஒட்சியேற்றவெதிரிகளுக்குக் குறைவில்லை. தடித்த சாயத்தில் அவை மிகுதி என்றே சொல்லலாம். அப்படியாயின், உலகம் புகழும் அச்சத்து நாள்தோறும் நான்கைந்து தடவை உட்செல்லும் உடல்கள் ஏன் வெளிறிக் கிடக்கின்றன? வினாவின் மையம் இதுவே.

விடையின் ஒரு பகுதியை 1975-இல் தென்னாபிரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆராய்ச்சி அளித்தது. பாணோடும், உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்ந்த சாற்றுடன் உண்ட சோற்றோடும் தேநீர் அருந்தியபோது, அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது பெரிதும் குறைந்தது. தேநீரின் பொலிபீனோல்கள் இரும்போடு பிணைந்து, குடல் அதனை ஏற்காதவாறு செய்கின்றன. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பை இத்தடை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பையே அது மிகுதியாகத் தாக்குகிறது. அத்தடையை வெல்லும் ஆற்றல் விற்றமின் சி-க்கு உண்டு. ஆனால் அச்சத்து ஸ்டோரிலேயே அழிந்துவிட்டதை முன்னர் கண்டோம். கனியும் பச்சைக் காயும் இல்லாத தட்டிலும் அது இல்லை.

ஆகவே ஒரே பொருள் இருவேறு உடல்களில் இருவேறு தொழில் புரிகிறது. இறைச்சியும் பழமும் முட்டையும் உண்டு, ஓய்வாக அமர்ந்து ஒரு கிண்ணம் தேநீர் அருந்துவோருக்கு அது காப்பாகலாம். வெறும் மாவுணவை உண்டு, மாதந்தோறும் குருதி இழந்து, பிள்ளை சுமந்து, பால் கொடுத்து, மலையேறும் பெண்ணுக்கு உணவோடு சேர்த்துக் குடிக்கும் அதே சாயம் குருதிச்சோகைக்கு வழிதிறக்கிறது. குற்றம் இலையினுடையதன்று. இலை எந்தத் தட்டின் அருகில் வைக்கப்படுகிறது என்பதே நன்மை தீமையைத் தீர்மானிக்கிறது.

தட்டைப் பற்றிய இவ்வறிவு புதிதன்று. எமக்கு மிக அண்மையிலேயே அது வளர்ந்தது. தேயிலை விளையும் மற்றொரு தமிழ் மலையாகிய நீலகிரியில், குன்னூரில், இரொபேட் மக்கரிசன் 1918-இல் தொடங்கிய ஆய்வு பின்னர் பெரிய போசாக்கு ஆய்வுகூடமாயிற்று. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை அவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமையும் பாலும் பருப்பும் காய்கனியும் உண்ட எலிகள் வலிவுற்றன. தீட்டிய அரிசியே மிகுந்த உணவை உண்டவை மெலிந்தன. அவருக்குப் பின் அதன் தலைமையை ஏற்ற அய்க்ரொய்ட், அதற்கு முன்னர் 1935-இல் சர்வதேச சங்கத்துக்காகப் பேர்னே என்பாருடன் சேர்ந்து போசாக்கும் பொதுச் சுகாதாரமும் பற்றி அறிக்கை எழுதியவர். பால், முட்டை, கீரை, பழம் முதலிய ‘காப்புணவுகள்’ ஏழையின் கைக்கு எட்டாதிருப்பது வருவாயின் குறையாலேயே என்னும் உண்மையை அக்கால அறிக்கைகள் மறைக்கவில்லை. குன்னூரில் தோன்றிய அவ்வாய்வுகூடம் 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்றது. அதன் பாடம் மட்டும் தோட்டத்துச் சம்பளப் பட்டியலை வந்தடையவில்லை.

சத்துக்களைக் குளிசையாக்கி விழுங்கினால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடையே நடத்தி 1994-இல் வெளியான பெரும் பரிசோதனை இதற்கு மறுமொழி கூறுகிறது. கரோட்டினைக் குளிசையாக உண்டோரிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 சதவீதம் கூடிற்று. ஒரு சத்தை உணவினின்று பிய்த்தெடுத்து மிகையாகக் கொடுப்பதும், அச்சத்து கரட்டிலும் கீரையிலும் பலவற்றோடு கூடி வருவதும் ஒன்றல்ல. குருதிச்சோகைக்கு வைத்தியர் கொடுக்கும் இரும்பு மாத்திரையை இது குறைகூறுவதன்று; அது கண்ட நோய்க்குக் கொடுக்கும் மருந்து. காப்பு என்பதோ பலவகை உணவின் கூட்டு விளைவு. அக்கூட்டுக்குப் பணம் வேண்டும், நிலம் வேண்டும், சமைக்க நேரம் வேண்டும்.

இம்மூன்றும் எம் மக்களுக்கு எவ்வாறு மறுக்கப்பட்டன என்பதே எஞ்சிய சரித்திரம். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது, வாக்கும் பறிபோயிற்று. வாக்கற்றவன் பசியைக் கேட்கச் சபை இல்லை. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கிட்டுப் பங்கிட்டது. 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் அரிசியும் மாவும் அருகியபோது, கொத்திப் பயிரிட ஒரு துண்டு காணியும் இல்லாத தோட்டங்களிலே பட்டினி மிகக் கொடிதாயிற்று, மரணவீதம் உயர்ந்தது. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகள் பறிக்கப்படுவதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு மாண்டார். காணி என்பது அவ்விளைஞனுக்கு வெறும் மண்ணன்று, உணவின் உத்தரவாதம். குடியுரிமைப் பிரச்சினை 2003-இன் சட்டத்தோடுதான் பெரிதும் தீர்ந்தது. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது, முதலில் சுருங்கியவை மீண்டும் லயத்து அடுப்புகளே.

இச்சரித்திரத்தின் தடம் குழந்தைகளின் உயரத்தில் பதிந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டப் பகுதியிலோ ஏறத்தாழ 32 சதவீதம். மலைநாட்டு வகுப்பறைகளில் கற்பிக்கும் எமக்கு இவ்வெண்கள் புதியன அல்ல. இரண்டாம் பாடவேளையிலேயே தலை சாய்க்கும் பிள்ளையைச் ‘சோம்பேறி’ என்று கடிந்துகொள்வது எளிது. அதன் குருதியில் இரும்பு உண்டா என்று கேட்பதே ஆசிரியர் கடன்.

அதே மலைகளிலேதான் கரட்டும் பீற்றூட்டும் லீக்சும் கோவாவும் விளைந்து, லொறி லொறியாகக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் இறங்குகின்றன. லயத்தோரத்துச் சிறு பாத்தியில் மரக்கறி விளைவிப்போரும் பலர், காசின் முடையால் நல்லதை விற்றுவிட்டு, விலைபோகாததைச் சமைக்கின்றனர். அரிய கனியை யார் உண்பது என்னும் வினா தமிழில் பழையது. அதியமான் தனக்குக் கிடைத்த நெல்லிக்கனியைத் தானுண்ணாது ஔவைக்கு ஈந்ததைப் புறநானூறு போற்றுகிறது. நெல்லியில் விற்றமின் சி-யும் துவர்ப்புப் பொருள்களும் நிறைந்திருத்தலை இன்றைய விஞ்ஞானம் காட்டும். ஆனால் அச்செய்தியின் பெருமை கனியின் சத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. ஒரு மன்னனின் கொடையாக அன்று நிகழ்ந்தது, உழைக்கும் ஒவ்வொருவரின் உரிமையாக நிகழவேண்டிய காலம் இது.

செய்யத்தக்கவை சில உடனே எம் கையில் உள்ளன. ரொட்டியோடும் சோற்றோடும் தேத்தண்ணியைச் சேர்க்காமல், உண்டபின் ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்தினால் இரும்புச்சத்தின் இழப்புக் குறையும். சம்பலில் தேசிக்காய்ப் புளி பிழிந்துகொள்வதும், கிடைக்கும் காலத்தில் கொய்யாவையோ நெல்லியையோ உணவோடு உண்பதும், பருப்பும் பொன்னாங்காணியும் வல்லாரையும் வாரத்தில் சில நாளேனும் சேர்ப்பதும் பயன் தரும். பாடசாலைத் தோட்டத்தில் கீரைப் பாத்தி அமைப்பதும், பிள்ளைக் காம்பராவில் மதிய உணவின் தரத்தைப் பெற்றோர் கேட்டறிவதும் கடினமல்ல.

ஆயினும் அறிவுரையோடு நின்றுவிடுவோமாயின் நாமும் விளம்பரக்காரரின் வரிசையில் சேர்ந்துவிடுவோம். மலையிலே நின்றபடி அரைமணி நேரத்தில் உண்டு முடிக்கவேண்டிய பெண்ணிடம், ‘ஒரு மணி நேரம் பொறுத்துத் தேத்தண்ணி குடி’ என்பது எத்துணை இலகுவான சொல்! அதற்கு முதலில் அவளுக்கு இடைவேளை வேண்டும். மலையில் கொதித்தாறிய நல்ல தண்ணீர் வேண்டும். ‘கீரை உண்’ என்பதற்கு முன், கீரை விதைக்க நிலம் வேண்டும். 2015-இன் பின் தனிவீட்டுக்கென 7 பேர்ச்சஸ் காணி என்னும் திட்டம் தொடங்கியது. அது சிறிதெனினும், வாசலில் ஒரு பாத்தியேனும் தன்னுடையது என்னும் நிலைக்கு முதற்படி. அப்படியை எட்டாத குடும்பங்கள் இன்னும் லயங்களில் உள்ளன. ‘பழம் உண்’ என்பதற்கு முன், சம்பளச் சபை கூலியைக் கணிக்கும்போது மாவின் விலையோடு பழத்தின் விலையும் பாலின் விலையும் அக்கணக்கில் ஏறவேண்டும்.

தேயிலைக் கொழுந்தில் காப்புச் சத்து உண்டு என்னும் ஆய்வை நாம் மறுக்கவில்லை, மகிழ்ச்சியோடு ஏற்கிறோம். செடி தன் தளிரைக் காப்பதற்கென்றே அச்சத்தை ஆக்குகிறது என்பதையும் கண்டோம். ஒரு சமூகம் தன் தளிர்களாகிய பிள்ளைகளைக் காக்க ஆக்கவேண்டியவை போதிய கூலியும், சொந்தக் காணியும், உண்ண நேரமுமாம். அடுத்த கூலிப் பேச்சு நடைபெறும்போது, பிள்ளைகளின் உயரக் கணக்கும் தாய்மாரின் குருதிக் கணக்கும் அம்மேசையில் வைக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் கூடி அக்கணக்கை ஆயத்தப்படுத்துவதே இன்று எம்முன் உள்ள பணி.